பூட்டு வீட்டுக்குள் மாமா

போன வாரம் என் மகன் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து எதையெதையோ பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவனே திறந்துகொண்டு வந்து, பசிக்கிறது என்றான். தோசை சுட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். பதினோரு வயதுப் பையன்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்கிறார் என் கணவர். இருக்கலாம். ஆனாலும் மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பாடிக்கொண்டே குளிக்கிறார்கள்.

அன்றிலிருந்து வேறொரு வாசல் ஓயாமல் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாங்கள் ராஸ் அல் கைமாவில் இருந்தோம். அப்பா ஒரு சிமென்ட் ஆலையில் டெக்னீஷியன். அம்மா மருத்துவமனையில் நர்ஸ். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினான்கு. சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் போய், கோயில் திருவிழாவில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பி வருவோம்.

அந்த வருடம் அம்மாவின் தம்பி விசிட் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஏ.சி. மெக்கானிக் படித்தவர். அதற்கு முன்பு ஒருமுறை சவூதிக்குப் போய், சொன்ன வேலை அங்கே இல்லாமல் சில மாதங்களில் திரும்பியிருந்தார். இந்த முறை அப்பாவே தன் பெயரில் விசா எடுத்து வரவழைத்தார். மாமா காலையில் அப்பாவின் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சர்ட்டிபிகேட் ஃபைலோடு துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் கிளம்பிப் போவார். சாயங்காலம் வந்து எங்களோடு கேரம் விளையாடுவார். ஒரு மாமாவுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் இருக்க முடியும் என்று எனக்கும் அண்ணனுக்கும் தோன்றியதே இல்லை.

விசாக் காலம் முடிந்தது. வேலை கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு திருவனந்தபுரம் விமானத்தில் மாமாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

எங்கள் ஆட்களிடம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஊருக்குப் போகிறவரைக் கடைசி வெள்ளிக்கிழமை எங்காவது கூட்டிப்போய்ப் போட்டோ எடுக்க வேண்டும். வருடக்கணக்காக உழைத்துவிட்டுப் போகிறவருக்கும் அதுதான், வேலை கிடைக்காமல் போகிறவருக்கும் அதுதான். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, யாருடைய காரிலாவது சாய்ந்து, பின்னால் மணலோ மலையோ தெரிய நிற்கும் படம் ஒன்றாவது கையில் இல்லாமல் ஊரில் இறங்கக் கூடாது. அப்பா இந்த விஷயத்தில் கறார். மாமா வேண்டாம் என்று சொன்னதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் எனக்க வீட்டுல கெடந்துட்டு ஒரு படம்கூட இல்லாமப் போனா, எனக்கல்லா மாப்ள கொறச்சல்" என்றார்.

மலையில் ஒரு பழைய வீடு இருப்பதாக அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லியிருந்தார். அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் குளிர்கால மழையில் மேலே கோதுமை விளைவித்துவிட்டு, கோடையில் பேரீச்சை அறுவடைக்குக் கடற்கரைக்கு இறங்கிவிடுவார்களாம். திரும்பி வரும்வரை தானியத்தையும் சாமானையும் ஒரு கல்வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அதனால் அதற்குப் பூட்டு வீடு என்றே பெயர். இப்போது அங்கே பூட்டும் இல்லை, கோதுமையும் இல்லை. போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

அன்று காலை கிளம்பும்போது மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணனுக்குக் கட்டிவிட்டார். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா சமையலறை வாசலில் நின்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்தாள். "நீ என்னத்தல கெட்டுவ?" என்று மாமாவிடம் கேட்டாள். மாமா, "எனக்கென்னத்துக்கு அக்கா இனி நேரம்" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். வேலை இல்லாதவன் நேரம் பார்த்து என்ன செய்யப்போகிறான் என்று அதை ஒரு பகடியாக எடுத்துக்கொண்டோம்.

மலை அடிவாரத்தில் காய்ந்த ஆற்றுப் படுகையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். கழுதைகள் போய்ப் போய் உண்டான பாதை அது. வழியில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு மலைவாசி எதிரே வந்தார். கையில் ஊன்றுகோல் போல நீளமான காம்பு வைத்த, மிகச் சிறிய கோடாரி. அப்பா சலாம் சொல்லி, தனக்குத் தெரிந்த ஆலை அரபியில் விசாரித்தார். அவர் எங்களை, குறிப்பாக அம்மாவின் செருப்பை, நன்றாகப் பார்த்துவிட்டு, "ஷ்வய் ஷ்வய்" என்றார். மெதுவாகப் போங்கள் என்று பொருள். அப்பா அதை, "பக்கத்துலதானாம்" என்று எங்களுக்கு மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகும் வெகுதூரம் ஏறினோம்.

ஓரிடத்தில் பாதை பள்ளத்தின் விளிம்பையொட்டிப் போனது. எல்லோரும் பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்தோம். திரும்பிப் பார்த்தால் மாமா அங்கேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திரும்பிப் போய், "லேய், நடல" என்றாள். அதன்பிறகு அம்மா மாமாவுக்குப் பின்னால்தான் நடந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, அதனால் பின்தங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

வீடு என்று சொன்னதைக் கண்டதும் எனக்கும் அண்ணனுக்கும் ஏமாற்றம். ஆள் உயரம்கூட இல்லாத கற்குவியல். பெரிய பெரிய கற்களை அடுக்கி, மேலே முள்மரத்து உருளைக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். வாசல், நாய் நுழையும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை. வீட்டின் தரை வெளித்தரையைவிட ஆழமாக இருந்தது. பாதி வீடு பூமிக்குள் இறங்கியிருந்தது என்று சொல்லலாம். எட்டிப் பார்த்தால் கிணற்றைப் பார்ப்பது போல இருட்டு.

அப்பா காமிராவை எடுத்தார். மாமாவை வீட்டின் முன்னால் நிறுத்தி ஒன்று, எங்களோடு ஒன்று, அம்மாவோடு ஒன்று. மாமா சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன பக்கம் பார்த்தார். பிறகு அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"மாப்ள, உள்ள எறங்கி வாசல் வழியா தலைய மட்டும் நீட்டு. சூப்பரா இருக்கும்."

மாமா கூலிங் கிளாஸைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு, காலை முதலில் விட்டு உள்ளே இறங்கினார். ஓட்டையில் அவருடைய தலை தெரிந்தது. அப்பா காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "சிரி மாப்ள, ஊர்ல போயி காட்டாண்டாமா" என்றார். மாமா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தப் போட்டோ இப்போதும் ஆல்பத்தில் இருக்கிறது. ஒரு கற்சுவர், நடுவில் ஒரு கறுப்புச் சதுரம்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தோம். நானும் அண்ணனும் "மாமா, மாமா" என்று கூவினோம். அப்பா, "லேய் பாம்பு கீம்பு கெடக்கும், வா" என்றார். கொஞ்சம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் வரேல்ல அத்தான். நீங்க பிள்ளையளக் கூட்டிட்டுப் போங்க."

"என்னது வரேல்லயா? ராத்திரி ஃபிளைட்டுல்லா?"

அப்பா குனிந்து உள்ளே போகப் பார்த்தார். தோள் போனது, வயிறு போகவில்லை. அண்ணன் சிரித்தான். அப்பா பின்வாங்கி, தூசியைத் தட்டிக்கொண்டு, இப்போது வேறு குரலில் பேசினார். விசா என் பெயரில் இருக்கிறது, ஆள் வெளியே போகாவிட்டால் பிடிபடுவது நான்தான், ஆலையில் வேலை போகும், இந்தப் பிள்ளைகளின் படிப்பு போகும், உனக்கு என்ன கேடு வந்தது என்று. எல்லாமே உண்மை. அப்பா பயந்தால் இப்படித்தான் கோர்வையாகப் பேசுவார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்து, "போதும், நீங்க பேசாண்டாம்" என்றாள்.

பிறகு அவளே வாசலில் மண்டியிட்டு, "தம்பி, நான் வாறேன் உள்ள" என்றாள்.

"அக்கா, நீ வராண்டாம். ஆரும் வராண்டாம்."

மாமா அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா எழுந்து போய்ச் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். தண்ணீர் பாட்டில்கள், பேப்பர் தட்டுகள், குபூஸ் ரொட்டியில் சுருட்டிய முட்டை, ஆரஞ்சுப் பழங்கள், பழம் நறுக்கும் கத்தி. கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு நறுக்கப்போகிறாள் என்று நினைத்து நான் போய் எனக்குப் பெரியதாக வேண்டும் என்று கேட்டேன். அவள் கத்தியை அப்பாவின் கால்சட்டைப் பைக்குள் போட்டாள்.

அம்மா மருத்துவமனையில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தவர்களை, அவர்கள் அதற்கு முன்பு செய்ததை, சொன்னதை. காலையில் கழற்றிக் கொடுத்த கடிகாரத்தையும் பள்ளத்தின் விளிம்பில் நின்றதையும் அவள் ஒருத்திதான் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். மற்றவர்களுக்கு அது கடிகாரம், இது மலை.

அண்ணன் முன்னால் வந்து, "நான் எறங்கி இழுத்துட்டு வாறேன்மா" என்றான். வயசுக்கு நல்ல உயரம். பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறவன். அம்மா வாசலுக்குள் எட்டி, தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ வேண்டாம். அவ போவட்டும்."

அப்பா, "உனக்கென்ன கிறுக்கா?" என்றார். அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, ஓட்டைக்குள் கால் முதலில் விட்டு இறக்கினாள். கால் தரையைத் தொடுவதற்கு முன்பே கையை விட்டாள். நான் பொத்தென்று உள்ளே விழுந்தேன்.

உள்ளே நல்ல குளிர்ச்சி. ஆட்டு வாடை. கண் பழகியதும் மாமா தெரிந்தார். என்னைவிடப் பெரிய ஒரு மண்பானையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட பானைகள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று வாய் உடைந்தது.

"ஆரு, நீயா?" என்றார்.

"மாமா, அப்பா வெயிட் பண்றாங்க. போட்டோ ஃபினிஷ் ஆகல."

"ஆகாண்டாம்."

நான் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். "இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பாத்துட்டேன்."

"இவ்ளோ பெரிய பானைய அந்தக் குட்டி டோர் வழியா எப்படிக் கொண்டு வந்தாங்க?"

மாமா வாசலையும் பானையையும் பார்த்தார். மெக்கானிக் இல்லையா, இந்த மாதிரிக் கேள்விக்கு அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "மொதல்ல பானைய வெச்சிருக்கான். பொறவாக்கும் சுத்திச் சொவரு கெட்டியிருக்கான். களவாண்டு போக முடியாதுல்லா."

"அப்போ இது வெளிய போகவே முடியாதா?"

"ஒடஞ்சா போவும்."

"வேஸ்ட்" என்றேன் நான்.

அப்போது வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. விளையாட்டுக் காட்டுகிற மாதிரியான குரல். "மக்ளே, மாமாக்க கையில என்ன இருக்கு, பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "பானை ஓடு" என்று கத்தினேன். உடைந்த பானையின் ஓரத் துண்டு ஒன்றை மாமா பிடித்திருந்தார். மாமாவும் அப்போதுதான் தன் கையைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார். "இன்னா, நீ வெச்சுக்க." ஒருவழியாக எனக்கும் ஒரு பரிசு கிடைத்துவிட்டது. "இப்போ என்கிட்ட இருக்கு" என்று வெளியே பார்த்துக் கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்த இடம் அலுத்துவிட்டது. மேலே போகலாம் என்று வாசலுக்கு வந்தேன். வாசற்கல் என் தலைக்கு மேலே இருந்தது. எம்பினேன், வழுக்கியது. கல் இடுக்கில் கால் வைத்து ஏறப் பார்த்தேன், விழுந்தேன். "அம்மா, கை குடு" என்றேன்.

"எனக்கு எட்டாது மக்ளே. மாமாகிட்ட சொல்லு."

அம்மாவின் கை வாசற்கல்லின் மேலேயே இருந்தது. விரல்கள் எனக்குத் தெரிந்தன. கொஞ்சம் நீட்டினால் எட்டியிருக்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவிடம் திரும்பி, "எனக்கு ஏற முடியல, அம்மா தூக்கவும் மாட்டேங்கிறா" என்று அழுதேன்.

"உன்ன ஆரு எறக்கிவிட்டா?"

"அம்மாதான்."

"அண்ணன் எங்க?"

"வெளிய நிக்கிறான். அவன் வாறேன்னான். அம்மா வேண்டாம்னுட்டா."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தாரா அழுதாரா என்று இருட்டில் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. "எனக்க அக்கா" என்று மட்டும் சொன்னார். எழுந்து வந்து எனக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"தோள்ல சவுட்டி ஏறு. பதுக்க."

நான் அவர் தோளில் ஏறி நின்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் தலை வெளிச்சத்துக்கு வந்தது. அம்மா கையை நீட்டினாள். நானும் நீட்டினேன். அவளுடைய கை என்னைத் தாண்டி, என் காதை உரசிக்கொண்டு உள்ளே போய், மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தது. என்னை யாரும் தூக்கவில்லை. நானாகத்தான் உருண்டு வெளியே வந்தேன். முழங்கால் சிராய்த்துவிட்டது. எனக்குப் பின்னால் மாமாவும் வந்தார். அம்மா பிடித்த பிடியில் அவர் வந்துதான் ஆக வேண்டும்.

யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா காமிராவை உறைக்குள் போட்டார். இறங்கும்போது அந்த விளிம்புப் பாதையிலும் அதைத் தாண்டியும் கார்வரை அம்மா மாமாவின் மணிக்கட்டை விடவில்லை, நாடி பார்க்கிறவள் போல. முழங்காலில் ரத்தத்தோடு நான் தனியாக நடந்து வந்தேன்.

மாமா அன்றைய விமானத்திலேயே போனார். லீவில் ஊருக்குப் போன நர்ஸ் ஆன்ட்டி ஒருவரை அம்மா அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தாள். திருவனந்தபுரத்தில் தன் அண்ணனான பெரிய மாமாவைக் காத்திருக்கச் சொன்னாள். பிறகு ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமைதோறும் போன் கார்டு வாங்கி அவரோடு பேசினாள். இப்போது மாமா நாகர்கோவிலில் ஏ.சி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். அந்த வாசலில் இனி அவருக்கும் வயிறு போகாது.

பூட்டு வீட்டிலிருந்து மாமாவை வெளியே கொண்டுவந்தவள் நான் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். அண்ணனைவிட எனக்குத் தைரியம் அதிகம், அதனால்தான் அம்மா என்னை அனுப்பினாள் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். அண்ணன் இறங்கியிருந்தால் தானே எம்பி வெளியே வந்திருப்பான், என்னால் வர முடியாது, யாராவது தூக்கிவிட்டே ஆக வேண்டும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அம்மாவிடம் நான் இதைக் கேட்டதில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், ஏழு வயது. அவளை அந்த ஓட்டைக்குள் இறக்குவது போல இந்த வாரம் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். என் நினைப்பில்கூடக் கையை விட முடியவில்லை.

நான் வெளியே உருண்டு வந்தபிறகு, கீழே இறங்குவதற்கு முன்னால், அம்மா மாமாவின் கையை அப்பாவிடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனாள். அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நல்ல குளிர்காலம், வெயில்கூட இல்லை. குபூஸில் சுருட்டிக் கொண்டுவந்திருந்த முட்டைதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். காரில் உட்கார்ந்து மாமாகூட இரண்டு சாப்பிட்டார். நான் என் பங்கைத் தொடவில்லை.